சாவி யார் பாக்கெட்டில்? லாக்-அவுட் பெட்டியோடு ஒன்றரை வருடம்

நான் தொழில் பழகிய காலத்தில் பேனலில் ஃப்யூஸ்தான். மோட்டாரில் கை வைக்கும் முன் என் மூத்த எலக்ட்ரீஷியன் மூன்று ஃப்யூஸ் கேரியரையும் உருவி பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். "இது என்கிட்ட இருக்கற வரைக்கும் எவனும் ஸ்டார்ட் பண்ண முடியாது தம்பி" என்பார். அவர் நடக்கும்போது அந்தப் பீங்கான் கட்டைகள் உரசும் சத்தம் கேட்கும். கேட்டால், எங்கோ ஒரு மெஷினை அவர் தன் பொறுப்பில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு ஃப்யூஸ் போய் எம்.சி.பி. வந்தது, மின்சாரம் மிகுந்தால் தானே விழுந்துவிடும் சின்ன பிரேக்கர் சுவிட்ச். எவ்வளவோ வசதிதான். ஆனால் அதை உருவிப் பாக்கெட்டில் போட முடியாது. இறக்க ஒரு விரல் போதும், ஏற்றவும் ஒரு விரல் போதும்.

அன்று அந்த ஃப்யூஸ் செய்த வேலையை இன்று செய்வது லாக்-அவுட் பெட்டி, அதாவது மெஷினில் ஆள் வேலை செய்யும்போது சுவிட்சையும் வால்வையும் வேறு யாரும் திறக்க முடியாதபடி பூட்டி வைக்கும் சாமான்கள். அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஆலை ஒன்றில் நான் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் கேட்டுக்கேட்டு ஒரு பெட்டி வாங்கினார்கள். நைலான் உடம்பு கொண்ட பன்னிரண்டு சிவப்புப் பூட்டுகள், ஒரே இடத்தில் ஆறு பூட்டு மாட்டக்கூடிய, கடைசிப் பூட்டை எடுக்கும் வரை திறக்காத மூன்று ஹாஸ்ப், சின்ன பிரேக்கருக்கு எட்டு கிளிப், பெரிய பிரேக்கருக்கு இரண்டு, வால்வு சக்கரத்தை மூடும் நான்கு உறை, பால் வால்வுக்கு இரண்டு பிடி, இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று, பூட்டோடு கட்டும் முப்பது பெயர் அட்டை, எழுத ஒரு பேனா, சுவரில் மாட்ட ஒரு பலகை. இதோடு அரை நாள் பயிற்சியும் உண்டு என்று சொல்லி விற்றார்கள். தயாரிப்பாளர் பெயரை நான் எழுதவில்லை. இதே உருவத்தில் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லும் குறை நிறைகளை யாருடைய பெட்டியிலும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 26 வயது இருக்கும்போது வேறோர் ஆலையில் பசை கலக்கும் தொட்டிக்குள் இறங்கி, இறக்கையில் ஒட்டியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எம்.சி.பி.யை இறக்கி, ஓர் அட்டைத் துண்டில் 'ஆள் உள்ளே' என்று எழுதி டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் இறங்கினேன். பேனல் சூட்டில் டேப் இளகி அட்டை கீழே விழுந்திருக்கிறது. ஷிப்ட் மாறி வந்தவர் பிரேக்கர் விழுந்திருப்பதைப் பார்த்து, ட்ரிப் ஆகியிருக்கிறது என்று நினைத்து ஏற்றிவிட்டார். தலைக்கு மேல் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டது. இறக்கை அசையவில்லை. பெல்ட் தேய்ந்திருந்ததால் அதையும் மாற்றிவிடலாம் என்று அன்று காலையில்தான் கழற்றி வைத்திருந்தோம். என்னைக் காப்பாற்றியது அது ஒன்றுதான். ஏற்றியவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அந்தப் பிரேக்கர் முன்னால் நின்ற யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

இனி பெட்டிக்கு வருகிறேன்.

பூட்டு நன்றாக இருக்கிறது. கைக்கு லேசு, பேனலுக்குள் தவறி விழுந்தாலும் உடம்பு மின்சாரம் கடத்தாது. கொக்கியின் தடிமன் 6 மி.மீ., மெஷினுக்கு வரும் மின்சாரத்தை வெட்டும் எங்கள் ஐசோலேட்டர் சுவிட்ச்களின் துளைகள் எல்லாவற்றிலும் நுழைகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, திறந்த நிலையில் பூட்டு சாவியை விடாது என்பது. கொக்கியை அழுத்திப் பூட்டினால்தான் சாவி கையோடு வரும். பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் அவசரத்தில் பூட்டைத் தொங்கவிட்டு, அழுத்த மறந்து, சாவியை எடுத்துக்கொண்டு போகும் தவறு நடக்கவே வழியில்லை. ஒன்றரை வருடத்தில் தூசி, எண்ணெய், பசை எல்லாம் பட்டும் ஒரு பூட்டுகூட இறுகவில்லை.

சாவி விஷயத்தில்தான் பெரிய அடி வாங்கினோம். நான்காவது மாதம், அட்டையில் வெட்டுப் போடும் ஸ்லாட்டர் மெஷினில் கத்தி மாற்றும் வேலை. ஹாஸ்ப்பில் இரண்டு பூட்டு தொங்குகிறது, ஒன்று ஃபிட்டருடையது, இன்னொன்று பின்பக்கம் இடைவெளி சரிசெய்துகொண்டிருந்த தம்பியுடையது. ஃபிட்டர் தன் வேலை முடிந்து பூட்டை எடுக்க வந்தார். பக்கத்துப் பூட்டில் சாவியைத் தவறுதலாகப் போட்டுத் திருகினார். திறந்துகொண்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார். "அண்ணே, இங்க வாங்க, இது என் பூட்டே இல்ல" என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். நான்காம் எண் சாவி ஒன்பதாம் எண் பூட்டைத் திறக்கிறது, ஒன்பதாம் எண் சாவி நான்காம் எண்ணைத் திறக்கிறது. பின்பக்கம் இருந்த தம்பி தன் சாவி தன் பாக்கெட்டில் இருக்கும் தைரியத்தில் இரண்டு ரோலருக்கு நடுவே கையை விட்டு வேலை செய்துகொண்டிருக்கிறான்.

அன்று சாயங்காலமே பன்னிரண்டு சாவியையும் பன்னிரண்டு பூட்டிலும் போட்டுப் பார்த்தோம். அந்த ஒரு ஜோடிதான் ஒத்துப்போனது. விற்றவர்களுக்கு எழுதினால், இரண்டு தொகுப்பு கலந்துவிட்டது என்று பதில். பூட்டு மாற்றி வர மூன்று வாரம் ஆனது. எல்லாப் பூட்டும் ஒரே சாவியில் திறக்கும்படியான தொகுப்பையும் இவர்கள் விற்கிறார்கள். ஒரே ஆள் ஒரு மெஷினில் ஐந்தாறு இடம் பூட்ட வேண்டியிருந்தால் அது உதவும். அந்த வகையும் தனிச்சாவி வகையும் ஒரே நிறத்தில், ஒரே அச்சில், ஒரே கிடங்கிலிருந்து வருகின்றன. உயிர் சம்பந்தப்பட்ட பொருளில் இதை ஏற்க முடியவில்லை. நான் குறைக்கும் மதிப்பெண்ணில் பாதி இதற்கே போகும்.

இன்னொரு சாவி விஷயமும் உண்டு. ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு சாவி வந்தது. இரண்டாவது சாவியை ஆபீசில் வைத்துக்கொள்ளலாம் என்று மேலே சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ் டிராயரில் ஒரு சாவி இருக்கும் வரை பூட்டு ஆபீசுடையது, உள்ளே இருக்கும் ஆளுடையது இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆர்டர் நெருக்கும்போது அந்த டிராயர் திறக்கும். கடைசியில் நிர்வாகி சம்மதித்தார். மூன்று ஷிப்ட் ஆட்களும் சேரும் நேரத்தில் பன்னிரண்டு இரண்டாவது சாவிகளையும் போல்ட் கட்டரில் வெட்டிக் குப்பையில் போட்டோம். அந்தச் சின்னச் சின்னப் பித்தளைத் துண்டுகள் தரையில் விழுவதைப் பார்த்த பிறகுதான் ஆட்கள் தங்கள் பூட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அது கம்பெனி சாமான்.

அடுத்த சிக்கல் ஸ்டோரிலிருந்து வந்தது. சாவி தொலைத்தால் பூட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். பிடித்தால் என்ன ஆகும்? தொலைத்தவன் சொல்ல மாட்டான். பக்கத்து ஆளின் பூட்டைக் கடன் வாங்குவான், இல்லை பூட்டாமலே வேலை செய்வான். பாதுகாப்பு ஏற்பாடுகள் தொழிலாளிக்கு எந்தச் செலவும் வைக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் வருட 155-வது உடன்படிக்கை, 21-வது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. 2022 ஜூனில் அந்த உடன்படிக்கையை அடிப்படை உரிமைகளின் வரிசையிலும் சேர்த்தார்கள். அதை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோட்டீஸைக் கிழித்தார்கள். அதன்பின் மூன்று பேர் சாவி தொலைந்ததைத் தாங்களே வந்து சொன்னார்கள்.

பிரேக்கர் கிளிப்பில் பெட்டி பாதிதான் தேறியது. எம்.சி.பி.யின் நெம்புக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் துளைகளில் ஊசி நுழைந்து நிற்கும் வகை அது. புதிய எம்.சி.பி.களில் கச்சிதமாக உட்கார்ந்தது. எங்கள் பழைய பேனல்களில் இருப்பவற்றில் அந்தத் துளையே கிடையாது. எட்டு கிளிப்பில் மூன்றுக்குத்தான் வேலை வந்தது. வாங்கும் முன்பு பேனல் பேனலாகப் போய் எந்தப் பிரேக்கர், துளை உண்டா, நெம்பு எத்தனை அகலம் என்று குறித்திருக்க வேண்டும். விற்பவரும் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை செட் வேணும்?"

ஆனால் அந்தக் கிளிப் பொருந்தாமல் போனதே நல்லதாக முடிந்தது. பழைய பேனல்களில் பூட்டு மாட்டும் துளையோடு வரும் சுழல் ஐசோலேட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினோம். மெஷினுக்குப் பக்கத்திலேயே, வேலை செய்பவன் கண்ணில் படும் இடத்தில். முன்பு ஸ்லாட்டரை நிறுத்த ஷெட்டின் மறுகோடியில் இருக்கும் பேனலுக்கு நடக்க வேண்டும். நடக்கச் சோம்பல் வந்தால் ஸ்டாப் பட்டனோடு முடிந்துவிடும். பட்டன் கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் வெட்டுகிறது, மோட்டாருக்குப் போகும் மின்சாரம் கான்டாக்டர் என்ற மின் சுவிட்சின் வாசலில் காத்துக்கொண்டே இருக்கும். அவசர நிறுத்தக் காளான் பட்டனும் அப்படித்தான். இன்று ஸ்லாட்டரின் பூட்டு இரண்டு எட்டு தூரத்தில் இருக்கிறது. தூரம் குறைந்த பிறகு யாரையும் திட்டிப் பூட்ட வைக்க வேண்டியிருக்கவில்லை.

வால்வு உறைகள் ஏமாற்றம். இரண்டு அரைக்கோளமாகச் சக்கரத்தைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக். தண்ணீர் லைனில் நன்றாக இருக்கிறது. நீராவி லைனில் மாட்டியது ஐந்தாவது மாதம் கீல் பக்கம் விரிசல் விட்டது. எங்கள் அட்டை இயந்திரத்தின் சூடான உருளைகளுக்கு நீராவிதான் ஓடுகிறது, அந்த லைனுக்குப் பக்கத்தில் கையே வைக்க முடியாது, பிளாஸ்டிக் எப்படி நிற்கும்? இப்போது அங்கே கேபிளைச் சக்கரத்தின் ஆரங்களுக்குள் கோத்துக் குழாயைச் சுற்றிப் பூட்டுகிறோம். பெட்டியில் ஒரே ஒரு கேபிள்தான், அது போதவே போதாது. நாலு உறைக்குப் பதில் மூன்று கேபிள் கொடுத்திருந்தால் பெட்டியின் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

காற்று லைனுக்கு வந்த பால் வால்வுப் பிடி காற்று வருவதைத் தடுக்கிறது. ஆனால் அடைபட்ட பக்கம் இருக்கும் காற்று எங்கே போகும்? சிலிண்டருக்குள் அப்படியே நிற்கும். ஒரு ஹோஸைக் கழற்றினால் பிஸ்டன் பாயும். பூட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் கை வைக்கும் நேரம் அது. மூடியதும் மறுபக்கத்துக் காற்றை வெளியே விட்டுவிடும் பூட்டு வால்வுகள் தனியே கிடைக்கின்றன. அவற்றைத்தான் வாங்க வேண்டும். இதுபற்றிப் பெட்டியோடு வந்த கையேட்டில் ஒரு வரி இல்லை. மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவ் பற்றியும் இல்லை. 400 வோல்ட் லைனில் ஓடும் டிரைவின் வயிற்றில் ஏறக்குறைய 560 வோல்ட் டி.சி. தேங்கி நிற்கும். ஐசோலேட்டரைப் பூட்டிய பிறகும் அது வடிய, டிரைவின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதிய நேரம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

பேலரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பெட்டியை நான் வாங்கச் சொன்னதே அதற்காகத்தான்.

அட்டைக் கழிவை அமுக்கிக் கட்டும் மெஷின் அது. மேலிருந்து கழிவு விழும், உள்ளே ஒரு ஒளிக்கண் பார்த்துக்கொண்டிருக்கும். கழிவு நிறைந்து ஒளிக்கதிர் மறைந்ததும் ஹைட்ராலிக் தலை தானாகவே முன்னால் வந்து அமுக்கும். யாரும் பட்டன் அழுத்த வேண்டாம். இப்போது நினைத்துப் பாருங்கள், அட்டை குறுக்கே சிக்கி அடைத்துக்கொள்கிறது. மெஷின் நின்ற மாதிரி இருக்கிறது. ஒருவன் உள்ளே ஏறிக் காலால் மிதிக்கிறான். அடைப்பு விடுகிறது. அவன் உடம்பே ஒளிக்கதிரை மறைக்கிறது. மெஷினுக்கு ஆளும் தெரியாது அட்டையும் தெரியாது. நிறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு தலையைத் தள்ளும்.

எங்கள் ஆலையில் ஆட்கள் அப்படி ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். நானே பார்த்திருக்கிறேன். இன்று பேலருக்குள் போக வேண்டுமென்றால், தலையைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம். பேலரின் மெயின் ஐசோலேட்டருக்கு ஒரு பூட்டு, மேலே கழிவு கொண்டுவரும் கன்வேயருக்கு ஒரு பூட்டு, ஏனென்றால் அது ஓடினால் உள்ளே இருப்பவன் தலையில் அட்டை கொட்டும். ஹைட்ராலிக் கேஜ் பூஜ்யத்துக்கு இறங்கும் வரை அழுத்தத்தை விடுகிறோம். மேலே தூக்கி நிற்கும் கதவுக்கு இரும்பு முட்டு கொடுக்கிறோம், எண்ணெய் அழுத்தம் போனால் கதவு தன் எடையிலேயே இறங்கும். அதன்பின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறோம்.

இந்தக் கடைசிச் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இதைத் தவறாகச் செய்பவர்கள் நிறைய. அவசர நிறுத்தப் பட்டன் அழுத்தியபடி இருந்தாலோ, பாதுகாப்புக் கதவு திறந்திருந்தாலோ, ஸ்டார்ட் அழுத்தினால் மெஷின் எப்படியும் ஓடாது. மின்சாரம் இருந்தாலும் ஓடாது. அதைப் பார்த்து பூட்டு வேலை செய்கிறது என்று நம்பினால் நாம் எதையும் சோதிக்கவில்லை. அதனால் எல்லாரும் வெளியே நின்று, கதவை மூடி, அவசரப் பட்டனை விடுவித்து, ரீசெட் கொடுத்து, பிறகு ஸ்டார்ட் அழுத்த வேண்டும். எலக்ட்ரீஷியனாக இருந்தால் இதோடும் நிற்கக் கூடாது. டெஸ்டரை முதலில் உயிருள்ள லைனில் வைத்து எரிகிறதா பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் வை, பிறகு மறுபடி உயிருள்ள லைனில் வை. நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது தடவையில் தெரிந்துவிடும்.

பயிற்சிக்கு வந்தவர் இதையெல்லாம் சொல்லவில்லை. ஏ.சி. அறையில் இரண்டரை மணி நேரம் படம் காட்டினார். அடிபட்ட கைகளின் படங்கள். எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அதில் இரண்டு பேருக்கு விரல் போயிருக்கிறது, அவர்களுக்குப் படம் தேவையில்லை. "சார், பேலர்கிட்ட வந்து ஒருதரம் பூட்டிக் காட்டுங்க" என்று கேட்டேன். நேரமில்லை என்றார். மெஷின் பக்கம் வராத பயிற்சிக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். பிறகு பேலர் ஓட்டும் அண்ணனும் நானும் ஒவ்வொரு மெஷினாக நின்று, எங்கே பூட்டணும், எதை வடிக்கணும், எதை முட்டுக் கொடுக்கணும் என்று ஃபோட்டோ எடுத்து, ஒரு மெஷினுக்கு ஒரு தாள் எழுதி மெஷினிலேயே ஒட்டினோம். பதினான்கு தாள். அதை எழுத ஆறு வாரம் ஆனது. பெட்டியைவிட அந்தத் தாள்கள்தான் அதிகம் உதவின என்று இப்போது தோன்றுகிறது. 2018-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 45001 என்ற பணிப் பாதுகாப்புத் தரநிலை, தொழிலாளிகளைக் கலந்துகொண்டு, அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும் என்கிறது. பேலர் அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கதவு தன் எடையில் இறங்கும் விஷயம் எனக்கே தெரிந்திருக்காது. கையேட்டில் இல்லாதது அவர் தோளில் தழும்பாக இருந்தது.

பூட்டுப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு கொக்கி, பன்னிரண்டு பூட்டு. பெயர் எழுத இடம் இருக்கிறது. நான் முதலில் ஃபிட்டர்களுக்கும் எலக்ட்ரீஷியன்களுக்கும் மெஷின் ஓட்டுபவர்களுக்கும் கொடுத்தேன், தீர்ந்துவிட்டது. ஒரு நாள் துப்புரவு வேலை செய்யும் அக்கா பலகை முன்னால் நின்றுகொண்டு கேட்டார், "ஏன் தம்பி, எனக்குப் பூட்டு இல்லையா? கன்வேயருக்கு அடியில தினம் போறவ நான்தான." என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. எங்கள் ஆலையில் மெஷினுக்கு அடியில் அதிக நேரம் கை வைப்பது அவரும் அவரோடு வரும் இரண்டு பேரும்தான். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்பதால் என் கணக்கிலேயே வரவில்லை. என் தவறு அது. மெஷினில் கை வைக்கும் எல்லாரையும் எண்ணிப் பார்த்தேன், 31 பேர். அடுத்த ஆர்டரில் பத்தொன்பது பூட்டு கூடுதலாக வாங்கினோம். அக்காவின் பூட்டு மஞ்சள் நிறம், ஒப்பந்த ஆட்களுக்கு மஞ்சள் என்று வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் பெட்டியில் எத்தனை பூட்டு என்று பார்ப்பதற்கு முன் ஆலையில் எத்தனை கை என்று எண்ணுங்கள்.

உற்பத்திப் பக்கமிருந்து எதிர்ப்பு வராமல் இல்லை. பேலரைப் பூட்டி, சோதித்து, அடைப்பெடுத்து, திறக்க நான் கடிகாரம் வைத்துப் பார்த்தது பதினொரு நிமிடம். ஒரு ஷிப்டில் ஐந்தாறு தடவை அடைத்தது. ஒரு மணி நேரம் போகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். அவர் கணக்கு தப்பில்லை. அதனால்தான் பூட்டோடு நிற்காமல், ஏன் அடைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தோம். நீள அட்டைகள் குறுக்கே விழுவதால்தான். மேலே கன்வேயர் முனையில் அட்டையைத் திருப்பிவிடும் ஒரு தகடு வைத்து, நீளமானவற்றை முன்பே வெட்டிப் போடச் செய்தோம். இப்போது இரண்டு நாளைக்கு ஒருதரம் அடைக்கிறது. அபாயத்தையே இல்லாமல் செய்வது முதலில், பிறகு மெஷினில் மாற்றம், அதற்குப் பிறகுதான் விதிமுறை, கையுறையும் ஹெல்மெட்டும் கடைசி என்று படித்திருக்கிறேன். பேலரில் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஏற வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. சூப்பர்வைசரும் இப்போது பூட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தப் பெட்டி உண்மையில் என்ன தருகிறது என்பதற்கு நான் புதியவர்களிடம் பைப்பர் ஆல்ஃபா பற்றிச் சொல்வேன். வட கடலில் எண்ணெய், எரிவாயு எடுத்த மேடை. 1988 ஜூலை 6. இரண்டு பம்ப்களில் ஒன்றின் அழுத்த வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றி, குழாய் வாயைத் தற்காலிக மூடி போட்டு அடைத்திருந்தார்கள். வேலை முடியவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோனது. வால்வு கழற்றப்பட்ட விஷயம் இரவு ஷிப்டுக்குத் தெரியவில்லை, அந்த வேலைக்கான பெர்மிட் தாள் அவர்கள் கண்ணில் படவில்லை. முதல் பம்ப்பை ஓட்டினார்கள், தற்காலிக மூடி வழியே கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். 1990-ல் வந்த விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகள் சொன்னது. தாள் ஓரிடத்தில் இருக்கும், மெஷின் வேறிடத்தில் இருக்கும். பூட்டு மெஷின் மேலேயே தொங்கும். எங்கள் ஆலையில் ஷிப்ட் மாறும்போது போகிறவனும் வருகிறவனும் ஹாஸ்ப் முன்னால் சேர்ந்து நிற்க வேண்டும். வருகிறவன் தன் பூட்டை மாட்டிய பிறகுதான் போகிறவன் தன்னுடையதை எடுப்பான். ஒரு நொடிகூட ஹாஸ்ப் வெறுமையாக இருக்காது. இதற்கு ஆறு துளை ஹாஸ்ப் தாராளம். அதன் அலுமினிய வாய் ஒன்றரை வருடத்தில் கொஞ்சமும் வளையவில்லை.

ஆள் பூட்டை எடுக்காமல் வீட்டுக்குப் போய்விட்டால்? இரண்டு தடவை நடந்தது. அமெரிக்காவில் 1989-ல் வெளியான லாக்-அவுட் விதியில் இதற்கு வழி சொல்லியிருக்கிறது, அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆள் உண்மையிலேயே ஆலைக்குள் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். அவரைத் தொடர்புகொள்ள முயல வேண்டும். பூட்டை எடுத்துவிட்டோம் என்பது அவர் மறுபடி வேலையில் கை வைக்கும் முன் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். முதல் தடவை ஃபோனில் பிடித்தோம், திரும்பி வந்து எடுத்தார். இரண்டாவது தடவை ஃபோன் கிடைக்கவில்லை. கேட் பதிவேடு, கழிப்பறை, மெஷின் அடி எல்லாம் பார்த்து, நானும் நிர்வாகியும் கையெழுத்துப் போட்டு வெட்டினோம். நைலான் உடம்புதானே என்று நினைக்க வேண்டாம், போல்ட் கட்டர் இல்லாமல் அசையவில்லை. அடுத்த நாள் அவர் கேட்டுக்குள் நுழையும்போதே நான் நின்று சொன்னேன்.

அதே விதி, இந்தப் பூட்டுகளை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. எங்கள் பூட்டுகளில் இரண்டு டூல் அலமாரியில் தொங்கின. உடனே எடுக்கச் சொன்னேன். சிவப்புப் பூட்டு தொங்கினால் அங்கே ஓர் ஆள் இருக்கிறான் என்று மட்டும்தான் அர்த்தமாக வேண்டும்.

பூட்டோடு கட்டும் பெயர் அட்டைகள் சுமார். எழுத்து நன்றாகத் தெரிகிறது, ஃபோட்டோ ஒட்ட இடம் இருக்கிறது. பேனா மை எண்ணெய்க் கை பட்டால் அழிகிறது, அதனால் பெயரை மார்க்கரில் எழுதி மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுகிறோம். கட்டும் நைலான் பட்டை உறுதி. ஏறக்குறைய 23 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்பது நான் சொன்ன அதே விதியின் அளவு, ஒரு பட்டையில் 25 கிலோ தொங்கவிட்டுப் பார்த்தேன், நின்றது. ஆனால் அட்டை மட்டும் போட்டுப் பூட்டைத் தவிர்ப்பதை எங்கள் ஆலையில் நான் அனுமதிப்பதில்லை. ஒரு டேப் இளகி விழுந்த கதையை ஏற்கனவே சொன்னேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். சாவிக் குளறுபடியை விட்டுவிட்டால் பூட்டுக்கும் ஹாஸ்ப்புக்கும் முழு மதிப்பெண். அந்தக் குளறுபடிக்குப் பாதியும், கிளிப், உறை, கையேடு, பயிற்சி இவற்றுக்கு மீதியும் குறைக்கிறேன். இரண்டாவது தடவை முழுப் பெட்டியாக வாங்கவில்லை. பூட்டு, ஹாஸ்ப், கேபிள் தனித்தனியாக எழுதி வாங்கினோம். வாங்க நினைப்பவர்களும் அப்படியே செய்யுங்கள், பேனலையும் வால்வையும் அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

பெட்டி வந்த அன்றைக்கே, யார் கைக்கும் கொடுப்பதற்கு முன், ஒரு மேஜையில் எல்லாப் பூட்டையும் வரிசையாக வைத்து ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டிலும் போட்டுத் திருகிப் பாருங்கள். பன்னிரண்டு பூட்டுக்கு 144 தடவை. எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்போது புதிதாக வந்த பத்தொன்பதையும் பழையவற்றோடு சேர்த்துச் செய்தோம், துப்புரவு அக்காவும் உட்கார்ந்து தன் சாவியைத் தானே முப்பத்தொரு பூட்டிலும் போட்டுப் பார்த்தார். ஒன்றில் மட்டும் திறந்தது.